நாலாவது படம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை, மன்னியுங்கள்.

ஒரகடத்தில் ஆறு வருடமாக ஒரே கம்பெனி, அதற்குள் இது நாலாவது ஆர்க் சார்ட் (யாருக்கு மேலே யார் என்று காட்டும் படம்) என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் படத்தில் உங்களுக்கு மேலே இருந்தவர் பிளான்ட் மேனேஜர். இரண்டாவதில் அவர் போய், புனேயில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வந்தார். மூன்றாவதில் இரண்டு பேர். ஒருவருக்குக் கெட்டிக் கோடு, இன்னொருவருக்குப் புள்ளிக் கோடு. இப்போது வந்திருக்கும் நாலாவதில் உங்களுக்கு மேலே உள்ள கட்டம் காலி, ‘விரைவில் அறிவிக்கப்படும்’ என்று போட்டிருக்கிறார்களாம். “மேலே இருப்பவர்களிடம் நிஜமாகவே ஒரு திட்டம் இருக்கிறதா, இல்லை திட்டம் இல்லாததை மறைக்கத்தான் படம் வரைகிறார்களா?” என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் உண்டு. ஆனால் அவசரப்பட்டு இரண்டாவதை நம்பிவிடாதீர்கள். முப்பது வருடம் இந்தக் கட்டங்களில் ஏதோ ஒன்றில் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். என் வீட்டில் பழைய விசிட்டிங் கார்டுகள் ஐந்து டப்பா இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பதவி. பார்த்த வேலை மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் என் மனைவி அவற்றில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதுகிறார்.

எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் அமைப்பு என்பது, அது முன்பு மாட்டிக்கொண்ட ஒரு சிக்கலுக்குக் கண்டுபிடித்த விடை. சிக்கல் மாறிவிடும், விடை மட்டும் அப்படியே சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். பலமாக அடி விழுகிற வரை யாரும் அதைக் கழற்ற மாட்டார்கள்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் டூபான்ட். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பிராண்டிவைன் என்ற ஓடைக்கரையில் 1802இல் ஆரம்பித்த வெடிமருந்து ஆலை அது. நூறு வருடம் குடும்பச் சொத்தாகவே நடந்தது. 1902இல் அதன் தலைவர் இறந்துபோக, பெரியவர்கள் விற்றுவிடலாமா என்று யோசித்தார்கள். குடும்பத்தின் இளையவர்கள் மூன்று பேர், பங்காளிகள், சேர்ந்து வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் போட்ட அமைப்பு அன்றைக்கு அருமையானது. உற்பத்தி முழுவதும் ஒரு துறை, விற்பனை முழுவதும் ஒரு துறை, கொள்முதலும் கணக்கும் அப்படியே. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செயற்குழு. செய்கிற பொருள் வெடிமருந்து ஒன்றுதான் என்பதால் சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. 1914இல் ஐயாயிரம் சொச்சம் பேர் இருந்த கம்பெனியில் 1918இல் 85,000 பேருக்கு மேல். நேச நாடுகள் சுட்ட வெடிமருந்தில் சுமார் 40 சதவீதம் இவர்களுடையது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். போர் என்றைக்காவது நிற்கும், நின்றால் இத்தனை ஆலையையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கவலை, குண்டு வெடித்துக்கொண்டிருக்கும்போதே அவர்களுக்கு வந்துவிட்டது. நைட்ரோசெல்லுலோஸ் வேதியியல் கையில் இருந்தது. அதிலிருந்து செயற்கைத் தோல், செல்லுலாய்டு. அப்புறம் பெயின்ட், வார்னிஷ், சாயம். கம்பெனிகளை விலைக்கு வாங்கியும் சேர்த்தார்கள். நல்ல வியூகம். இன்றைக்குப் பார்த்தாலும் குறை சொல்ல இடமில்லை.

இடித்தது பெயின்ட்டில்தான். விற்பனை ஏறியது; நஷ்டமும் கூடவே ஏறியது. விற்க விற்கக் கையைக் கடித்தது. அதே சமயம் இவர்களைவிடச் சிறிய பெயின்ட் கம்பெனிகள் லாபம் பார்த்துக்கொண்டிருந்தன. ஏன் என்று புரிய, நம் ஊர் ஹார்டுவேர் கடையில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஒருவர் வந்து ஜன்னல் கம்பிக்கு அரை லிட்டர் கறுப்பு எனாமல் கேட்பார். அடுத்தவர் ஷேடு கார்டை வெயிலில் தூக்கிப் பிடித்து, “சுவத்துல அடிச்சா இதைவிட வெளிறிப் போகுமா?” என்பார். கூட வந்த பெயின்டர் வாயைத் திறக்காமல் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பார். எந்த வாளிக்குள் தனக்கான பரிசு டோக்கன் இருக்கிறது என்று அந்தப் பெயின்டருக்குத் தெரியும். மூடி நசுங்கியது என்று ஒரு டப்பா திரும்பி வரும். இது ஒரு வியாபாரம். சுரங்கத்துக்கு டன் கணக்கில் டைனமைட் விற்பது வேறு வியாபாரம். அங்கே ஓர் ஒப்பந்தம், ஒரு கையெழுத்து, ரயில் வேகன், முடிந்தது. டூபான்ட்டில் இரண்டையும் ஒரே விற்பனைத் துறை விற்றது, ஒரே உற்பத்தித் துறை செய்தது. பெயின்ட்டில் ஏன் நஷ்டம் என்று கேட்டால் விற்பனை உற்பத்தியைக் கைகாட்டும், உற்பத்தி கொள்முதலைக் கைகாட்டும். யாரும் பொய் சொல்லவில்லை. பெயின்ட் என்ற தொழிலை முழுசாகத் தன் தொழில் என்று நினைக்க ஓர் ஆள்கூட அந்தப் படத்தில் இல்லை, அவ்வளவுதான்.

1920இல் இதை ஆராய்ந்த உள்குழு நோயைச் சரியாகவே பிடித்துவிட்டது. கம்பெனியைப் பொருள்வாரியாகப் பிரியுங்கள் என்றது. அப்போதைய தலைவர் இரேனே டூபான்ட் சம்மதிக்கவில்லை. அவரை விவரம் இல்லாதவர் என்று நினைக்க வேண்டாம். ஒரே வேலையில் தேர்ந்தவர்களை ஒன்றாக வைத்தால்தான் திறமை வளரும், பிரித்தால் செலவு கூடும் என்பது அவர் கற்ற பாடம். இருபது வருடம் அந்தக் கம்பெனியை வளர்த்த பாடமும் அதுவே. ஜெயித்த பாடத்தை மறப்பது தோற்ற பாடத்தை மறப்பதைவிடக் கஷ்டம். பொருளுக்கு ஒரு கவுன்சில் என்று ஒட்டுப்போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். 1921இன் முதல் ஆறு மாதக் கணக்கு வந்தது: வெடிமருந்து ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் நஷ்டம். அந்த செப்டம்பரில் படம் மாறியது. ஐந்து தொழில் பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த உற்பத்தி, சொந்த விற்பனை, சொந்தக் கணக்கு, கேட்டால் பதில் சொல்ல ஒரு மேலாளர். மேலே செயற்குழுவில் இருந்தவர்களுக்கு எந்தப் பிரிவின் அன்றாட வேலையும் கிடையாது. பணத்தை எதில் போடுவது, எதை நிறுத்துவது என்று யோசிப்பதுதான் அவர்கள் வேலை.

மருந்துச் சீட்டு கையில் இருந்தும் குடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது பாருங்கள்.

இந்தக் கதையை வெளியே கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாண்ட்லர் என்ற வரலாற்றாசிரியர். அவர் நடுப்பெயரே டூபான்ட் என்பது ஒரு வேடிக்கை. 1962இல் வந்த ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் ஸ்ட்ரக்சர்’ நூலில் டூபான்ட், ஜெனரல் மோட்டார்ஸ், நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில், சியர்ஸ் ஆகிய நாலு கம்பெனிகளின் கதையை அவர்களுடைய உள் ஆவணங்களிலிருந்தே எடுத்து எழுதினார். எம்பிஏ வகுப்புகளில் அதை ‘வியூகம் முன்னே, அமைப்பு பின்னே’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பின்னே வரும் என்பது சரி. எவ்வளவு பின்னே, எத்தனை அடி வாங்கியபின் என்பதில்தான் அந்த நூலின் ருசியே இருக்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸின் சிக்கல் இதற்கு நேர்மாறு. 1908இல் அதைத் தொடங்கிய வில்லியம் டூராண்ட், கண்ணில் பட்ட கார் கம்பெனியை எல்லாம் வாங்கிப் போட்டவர். ப்யூக், ஓல்ட்ஸ்மொபில், கேடிலாக், ஓக்லண்ட் என்று ஆளுக்கு ஒரு ராஜ்ஜியம். யாரிடம் எவ்வளவு சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று தலைமைக்கே தெரியாது. அங்கிருந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் இதை எப்படிச் சீர்செய்யலாம் என்று ஓர் அறிக்கை எழுதி டூராண்டிடம் கொடுத்தார். டூராண்ட் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. (இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.) 1920இல் சந்தை படுத்தது, கிட்டங்கியில் சரக்கு மலையாகக் குவிந்தது, நவம்பரில் டூராண்ட் வெளியேற வேண்டிவந்தது. பெரும் பங்குதாரர் என்ற முறையில் பியர் டூபான்ட் வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்லோனின் அறிக்கை அலமாரியிலிருந்து இறங்கியது. டூபான்ட்டில் எல்லாம் ஒரே கட்டு, அவிழ்க்க வேண்டியிருந்தது. இங்கே எல்லாம் உதிரி, கட்ட வேண்டியிருந்தது. இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் கிட்டத்தட்ட ஒன்று: பிரிவுகள் தனியாக ஓடட்டும், பணத்தையும் கணக்கையும் மட்டும் தலைமை இறுக்கிப் பிடிக்கட்டும்.

இதே காலத்தில் ஹென்றி ஃபோர்டு என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், ஆர்க் சார்ட்டையே கிண்டல் செய்துகொண்டிருந்தார். வம்சாவளி மரம்போல் ஒரு படம், கிளைக்குக் கிளை உருண்டைப் பழம், பழத்துக்குப் பழம் ஒரு பெயர், இதனால் யாருக்கு என்ன லாபம் என்கிற தொனியில் 1922இல் எழுதியிருக்கிறார். படித்தால் கைதட்டத் தோன்றும். ஒரே மாடல், ஒரே முதலாளி, பிறகு படம் எதற்கு? 1908 முதல் 1927 வரை மாடல் டி கார் ஒன்றரைக் கோடி ஓடியது. ஆனால் கார் வைத்திருந்தவன் அடுத்த காரை வாங்க வந்தபோது வேறு நிறம், வேறு வசதி கேட்டான். ஸ்லோனிடம் செவர்லேயில் தொடங்கி கேடிலாக் வரை படிக்கட்டுபோல் ஐந்து கார் இருந்தது. ஃபோர்டு 1927இல் மாடல் டி-யை நிறுத்திவிட்டு, புதிய காருக்காக மாதக்கணக்கில் ஆலையை மூடி வைத்திருந்தார். பேரன் 1945இல் பொறுப்பேற்றபோது கணக்கு வழக்கு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள்: பில்களைக் கட்டாகக் கட்டித் தராசில் போட்டு, எடையை வைத்துச் செலவை மதிப்பிட்டார்களாம். பேரன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஜிஎம் அனுபவம் உள்ள எர்னஸ்ட் பிரீச் என்பவரை அழைத்துவந்து தாத்தா கிண்டல் செய்த அதே மாதிரிப் படத்தை வரைந்தது.

இதோடு நிறுத்தினால் ஸ்லோன் கண்டுபிடித்ததுதான் கடைசி விடை என்று ஆகிவிடும். அப்படி இல்லை. அந்தப் பிரிவுகளும் நாளடைவில் மதில் எழுப்பிக்கொண்டன. கம்பெனிகள் பல நாடுகளுக்குப் போனதும், பொருள்வாரியா நாடுவாரியா என்ற புதுத் தகராறு வந்தது. இரண்டும் வேண்டும் என்பவர்களுக்காகப் பிறந்ததுதான் மேட்ரிக்ஸ், அதாவது உங்கள் மூன்றாவது படத்தில் இருந்த புள்ளிக் கோடு.

அந்தப் புள்ளிக் கோட்டில் நானும் தொங்கியிருக்கிறேன். நான் இருந்த கம்பெனி (பெயர் வேண்டாமே) பம்பும் மோட்டாரும் செய்தது. ஒரு வருடம் திடீரென்று எனக்கு இரண்டு மேலாளர்கள்: மண்டலத்துக்கு ஒருவர், சப்மெர்சிபிள் பம்புக்கு ஒருவர். அந்தக் கோடையில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு விவசாயியின் ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் காயில் எரிந்துபோனது. வாரன்டி இருந்தது. மாற்று மோட்டார் எந்தக் கணக்கில் போவது என்பதுதான் கேள்வி. மண்டலம், இது தயாரிப்புக் கோளாறு, பிரிவின் செலவு என்றது. பிரிவு, இது மண்டலத்தின் சர்வீஸ் பட்ஜெட் என்றது. இரண்டு பக்கமும் சரியான ஆட்கள், இரண்டு பக்கமும் மின்னஞ்சலில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பது நாள். டீலர் கடைசியில் தன் கைக்காசைப் போட்டு வேறு கம்பெனி மோட்டாரை இறக்கிக் கொடுத்தார். அதன்பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார், ஆர்டர் மட்டும் கொடுக்க மாட்டார்.

நோக்கியாவின் கதை எனக்கு அதனால்தான் கொஞ்சம் கூடவே உறைக்கும். 1865இல் பின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகப் பிறந்து, 1967இல் ரப்பர் கம்பெனியோடும் கேபிள் கம்பெனியோடும் ஒன்றாகி, தொண்ணூறுகளில் எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றையே பிடித்துக்கொண்டு, 1998இல் மோட்டோரோலாவை முந்திய கம்பெனி. வியூகத்தை மாற்றத் தெரியாதவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. 2004இல் அவர்கள் மேட்ரிக்ஸுக்கு மாறினார்கள். சாதாரண போன் ஒரு பிரிவு, மல்டிமீடியா ஒரு பிரிவு, நிறுவனங்களுக்கானது ஒரு பிரிவு. மென்பொருளும் விற்பனையும் குறுக்கே ஓடும் பொதுத் துறைகள். அடுத்த இரண்டு வருடங்களில் பழைய தலைவர்களில் முக்கியமான சிலர் கிளம்பிவிட்டார்கள். தொடுதிரை போன் அவர்களிடம் இல்லாமல் இல்லை. 7710 என்ற மாடலை 2004இலேயே அறிவித்தார்கள். 2007இல் ஐபோன் வந்தபோது உலகில் விற்ற போன்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட நாலு நோக்கியா. என்னைக் கேட்டால், அவர்களிடம் இல்லாமல் போனது அறிவோ பணமோ அல்ல. மென்பொருளையும் கருவியையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்க்கிற கட்டம் படத்தில் இல்லாமல் போனதுதான். டூபான்ட்டின் பெயின்ட் டப்பா, எண்பது வருடம் கழித்து வேறு வடிவில்.

எதிர்த் தரப்பில் இருந்த ஆப்பிளோ 1997இலேயே படத்தைக் கிழித்துப் போட்டிருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும், தனித்தனி லாப நட்டக் கணக்கு வைத்திருந்த பிரிவுத் தலைவர்களை ஒரே நாளில் அனுப்பினார். கம்பெனி முழுவதற்கும் ஒரே கணக்கு. வடிவமைப்பு ஒரு துறை, வன்பொருள் ஒரு துறை, மென்பொருள் ஒரு துறை. யோசித்துப் பாருங்கள், 1921இல் டூபான்ட் எதைக் கைவிட்டதோ அதற்கே ஆப்பிள் திரும்பிப் போயிருக்கிறது. 2019இல் 1,37,000 ஊழியர்கள் ஆனபிறகும் அதையே வைத்திருந்தது. செய்யும் பொருள்கள் கொஞ்சம், அவையும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் அங்கே அது ஓடுகிறது. பெயின்ட்டும் டைனமைட்டும் விற்பவருக்கு ஓடாது.

நோக்கியாவின் கடைசி அத்தியாயம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரத்தில் நடந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய ஆலையில் உச்சத்தில் எட்டாயிரம் பேர் வரை வேலை பார்த்தார்கள், பலர் இளம்பெண்கள். 2013இல் நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்க ஒப்புக்கொண்டது. வரித் தகராறில் முடக்கப்பட்டதால் இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது; 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. 2019இல் அந்த இடத்தை வாங்கியது சால்காம்ப். நோக்கியாவின் பழைய ஆலை நகரமான பின்லாந்தின் சாலோவிலிருந்து வந்து, அதே வளாகத்தில் நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்து கொடுத்த கம்பெனி. வாங்கியபோது அது ஆப்பிளுக்குச் சார்ஜர் செய்துகொண்டிருந்தது.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். ஆர்க் சார்ட் வந்தால் எல்லோரும் முதலில் பெயர்களைத்தான் தேடுவோம்: யார் ஏறினார், யார் இறங்கினார். அதை ஓரமாக வைத்துவிட்டு, லாப நட்டக் கணக்கு எந்தக் கட்டத்தில் போய் முடிகிறது என்று பாருங்கள். புது மெஷின் வாங்க யார் கையெழுத்து வேண்டும் என்று பாருங்கள். பதவிப் பெயர்கள் மாறி இந்த இரண்டும் மாறவில்லை என்றால், உங்கள் சந்தேகம் சரி, அது வெறும் படம்தான். விசிட்டிங் கார்டு அச்சடிப்பவருக்கு மட்டும் லாபம். இவை இடம் மாறியிருந்தால் தொழிலில் ஏதோ நிஜமாகவே நகர்ந்திருக்கிறது.

உங்கள் நாலு படத்தையும் அப்படிப் பார்த்தேன். முதலில் ஓர் ஆலை, அதற்கு ஒரு மேனேஜர், அவரே கணக்குக்கும் பொறுப்பு. பிறகு ஆலைகள் பெருகின. உங்களிடம் பாகங்கள் வாங்கும் கார் கம்பெனிகள், அவை எந்த ஆலையிலிருந்து வந்தாலும் ஒரே தரம் ஒரே விலை என்று கேட்டிருப்பார்கள், அதனால் பிடி புனேக்குப் போயிருக்கும். மூன்றாவது படத்தின் புள்ளிக் கோடு ஏன் வந்தது என்றுதான் முதலில் எனக்குப் பிடிபடவில்லை. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய வரி கண்ணில் பட்டது: இரண்டு வருடமாக மின்வாகன மோட்டாருக்கான உறைகளும் செய்கிறோம், ஆர்டர் கூடுகிறது, ஆனால் அதில் நஷ்டம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

உங்கள் பெயின்ட் டப்பா அதுதான் என்று நினைக்கிறேன். அது தனித் தொழிலா, பழைய தொழிலின் ஒரு கிளையா என்று மேலே முடிவாகவில்லை; அதனால் கட்டம் காலியாக இருக்கிறது. திட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். திட்டத்தை மாற்றிவிட்டார்கள், அதற்குரிய ஆளை வைக்க இன்னும் மனம் வரவில்லை.

எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். அந்த மின்வாகன உறைகளின் நஷ்டத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று உற்பத்தியில் ஒருவரிடமும் விற்பனையில் ஒருவரிடமும் சும்மா பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்கிறார்களா, வேறு வேறு பெயரைச் சொல்கிறார்களா என்று எழுதுங்கள். காலிக் கட்டத்துக்கு ஆள் வந்தால் அவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த பதிலுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்